பவுண்டுப் பேரேடு

காவிரி என்று சொல்ல இங்கே ஆள் கிடையாது.
வருவது முள்ளியாறு. அதுவும் வந்தால்.
ஆடியில் மேட்டூர் திறந்தால்
புரட்டாசியில் எங்கள் மதகில் நுரை தெரியும்.
அதற்குள் கடல் எதிரே ஏறி வந்து
பாதி வாய்க்காலை எடுத்துக்கொண்டிருக்கும்.

கிராமக் கணக்கில் இந்த நிலம் புறம்போக்கு.
சித்திரையில் போய்ப் பாருங்கள்,
சேறு ஓடு ஓடாக வெடித்து
விளிம்பு சுருண்டு நிற்கும், பொரித்த அப்பளம் மாதிரி.
மிதித்தால் நொறுங்கும். அடியில் இன்னும் ஈரம்.
கண்ணுக்கெட்டிய மட்டும் உமரி சிவந்து கிடக்கும்.
தூரத்து வெள்ளை
உப்பா, பூநாரையா, கானலா,
நடந்து போய்த்தான் தீர்மானிக்க வேண்டும்.
பாதியிலேயே தீர்மானித்துத் திரும்பியவர்கள்தான் அதிகம்.

பஞ்சாயத்து ஆபீஸ் பரணில்
கரையான் விட்டுவைத்த ஒரு பேரேடு.
கால்நடைப் பட்டி, முப்பத்தாறாம் வருஷம் தொடங்கி.
பவுண்டு என்போம் நாங்கள்.
காவல்: பக்கிரிசாமி.
கையெழுத்தில் முதல் எழுத்துக்கு மேல்
எப்போதும் ஒரு மைச்சொட்டு.

தேதி, உருப்படி, நிறம், சூட்டுக்குறி, அபராதம்.
குறியை மட்டும் எழுதாமல் வரைந்திருக்கிறார்.
பிறை, தோப்புத்துறை மரைக்காயர் வீட்டு மாடு.
சூலம், மடத்து மாடு.
சிலுவை, உப்பு இலாகா பியூன் லாசரு,
ஒரே ஒரு பசு, மாதம் மூன்று முறை பிடிபட்டிருக்கிறது.
ரெண்டு கோடும் ஒரு புள்ளியும் தையநாயகி.
எழுபது உருப்படி. கணவன் பெயர் கட்டத்தில் ஒன்றுமில்லை.

பக்கம் பக்கமாய்ச் சின்னஞ்சிறு தீக்காயங்கள்.
யார் மாடு யார் வயலில் இறங்கியது,
உப்பளம் எந்த மேய்ச்சல்வரை வேலி போட்டது,
எப்போது காடு சர்க்கார் காடானது,
எல்லாம் இதில் இருக்கிறது, யாரும் எழுத நினைக்காமலே.
காடு சர்க்கார் காடான வருஷம்
அபராதம் நாலணாவிலிருந்து எட்டணா.

கொம்பு தீய்த்து, காது நறுக்கி, தொடையில் சுட்டால்தான்
இந்தப் பக்கம் மாட்டுக்கு மாடென்று பெயர்.
மொட்டை மாடு. தொப்புள்வரை சேற்றில் அமுங்கியும்
ஏரை விடாது.

முப்பத்தெட்டு பங்குனியில் ஒன்று வருகிறது:
'கிடேரி. சாம்பல். நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
கொம்பு உண்டு. காது முழுசு. குறி இல்லை.'
கேட்பாரில்லை. பதினைந்தாம் நாள் ஏலம்.
ஏலத் தொகைக்கு நேரே:
'முள்வேலி தாண்டி ஓட்டம்.'

அடுத்த வருஷமும் அதே சாம்பல், அதே சுட்டி, அதே ஓட்டம்.
நாற்பதில் 'கன்றுடன்' என்று ஒரு சொல் கூடுகிறது.
நாற்பத்திமூன்றில் தையநாயகி வந்து
தன்னுடையது என்று சொல்லி
தாய்க்கும் கன்றுக்கும் ஒரு ரூபாய் கட்டியிருக்கிறாள்.
குறி எங்கே என்று கேட்டிருப்பார் போல.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில்:
'நான் சுடலை. அதான் குறி.'

அதற்கு ரசீது கொடுத்திருக்கிறார். எண் நூற்றுப் பதினேழு.

ஐம்பத்திரண்டு கார்த்திகையில்
பக்கத்தின் பாதி உயரத்துக்குப் பழுப்புக் கோடு,
தண்ணீர் நின்ற மட்டம்.
கோட்டுக்குக் கீழே மை இல்லை.
அதற்கடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்து,
மைச்சொட்டு இல்லாதது, மிகவும் சுத்தமானது.
அந்த வருஷம் முழுக்க மொத்தம் நாலு மாடு.

போன மாசம் வனத்துறைக் கணக்கெடுப்புக்கு
எழுதிக்கொடுக்க என்னைக் கூட்டிப்போனார்கள்.
வெளிமான், மட்டக்குதிரை, நரி.
சதுப்பு விளிம்பில், தில்லை மரங்களுக்கு அந்தப் புறம்
பதினோரு மாடுகள்.
கொம்போடு. முழுக்காதோடு.
ஒன்று திரும்பிப் பார்த்தது, நெற்றியில் வெள்ளை.
எத்தனையோ மாட்டுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கும்.

"உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க,
என்ன போட்டீங்க?" என்றார் கார்டு.
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நம்மைத் தாங்காத ஓட்டின் மேல்
அவை ஒவ்வொன்றாய்க் கால் வைத்து
வெள்ளைக்குள் போயின.
"ஜீப்பு இதுக்கு மேல போகாது சார்,
ஏறுங்க."